கரி எஞ்சின் பைத்தியத்தின் பதில்கள்

நீராவி எஞ்சின்களைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பாதி, 'இது எந்த வருஷம்', 'அது எத்தனை டன்' வகை. அவற்றை ஒதுக்கிவிட்டு எனக்குப் பதில் சொல்ல ஆசையாக இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாய்லர்களோடு உத்தியோகம் பார்த்த ஆள் என்பதால் நடுநடுவே கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: பெரிய பெரிய டர்பைன்களை எல்லாம் பார்த்த பொறியாளர் நீங்கள். இன்னும் கரி எஞ்சினைக் கண்டால் சின்னப் பையன் மாதிரி நின்றுவிடுகிறீர்களாமே. இது வெறும் பழைய ஞாபக ஆசைதானே சார்?

ப: ஞாபக ஆசை துளியும் இல்லை என்றால் பொய். ஆனால் அது மட்டும்தான் என்றால் படிப்பு முடிந்ததும் தீர்ந்திருக்கும். எனக்கு நேர்மாறாக நடந்தது, வெப்ப இயக்கவியல் படித்த பிறகுதான் முற்றியது.

ஒரு சமாச்சாரம் சொல்கிறேன், கேளுங்கள். சிலிண்டரில் வேலை முடித்த நீராவியைச் சும்மா வெளியே விடுவதில்லை. எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் புகைப்பெட்டிக்குள், புகைபோக்கிக்கு நேர் கீழே, ஒரு குழாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுவார்கள். அது போகிற வேகத்தில் அங்கிருக்கும் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், புகைப்பெட்டிக்குள் அழுத்தம் குறையும். குறைந்ததும் பின்னால் நெருப்புப் பெட்டியில் இருக்கும் சூடான வாயு பாய்லர் குழாய்கள் வழியாக முன்னால் பாயும், கரி எரியும் தட்டுக்கு அடியிலிருந்து புதுக் காற்று கரிக்குள் புகும், நெருப்பு சீறும். இப்போது ஏற்றம் வருகிறது என்று வையுங்கள். டிரைவர் கூடுதலாக நீராவி எடுக்கிறார், அந்தக் கூடுதல் நீராவி புகைபோக்கி வழியாகப் போகும்போது கூடுதல் காற்றை இழுக்கிறது, நெருப்பு கூடுகிறது, பாய்லர் கூடுதல் நீராவி தருகிறது. ஓடுகிறவனுக்குத் தானாக மூச்சு வாங்குவது மாதிரி. இதற்கு ஒரு சென்சார் இல்லை, மோட்டார் இல்லை, நகரும் பாகம்கூட ஒன்று இல்லை. வெறும் ஒரு குழாய்!

இது பிற்காலத்தில் யாரோ சேர்த்த நயம் என்று நினைக்காதீர்கள். 1804 பிப்ரவரியில் தெற்கு வேல்ஸில், பெனிடாரன் இரும்பாலையில், ரிச்சர்ட் ட்ரெவிதிக் ஓட்டிய முதல் ரயில் எஞ்சினிலேயே கழிவு நீராவி புகைபோக்கிக்குள்தான் போனது. அப்படி விட்டால் நெருப்பு நன்றாக எரிகிறது என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த எஞ்சின் 10 டன் இரும்பையும் சுமார் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு போனது. எஞ்சின் தாங்கியது, பாவம், வார்ப்பிரும்புத் தண்டவாளம்தான் தாங்கவில்லை. பிறகு 1829-ல் இங்கிலாந்தில் நடந்த ரெயின்ஹில் எஞ்சின் போட்டியில் ஜெயித்த ராபர்ட் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்', இந்த உறிஞ்சலோடு 25 செப்புக் குழாய்கள் கொண்ட பாய்லரைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த ஒன்றே கால் நூற்றாண்டும் அந்த இரண்டு யோசனைகளைப் பெரிதாக்கிய கதைதான் என்று நான் சொன்னால் சில நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இன்னொன்று, எல்லாம் வெளியே தெரிகிறது. பிஸ்டன் தண்டு, அது பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு, வால்வை ஆட்டும் கம்பிகள், எது எதைத் தள்ளுகிறது என்று பிளாட்பாரத்தில் நின்றபடியே படித்துவிடலாம். இன்றைய எஞ்சினில் ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே இன்னொரு பெட்டி இருக்கிறது.

கே: எஞ்சினில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாகம்?

ப: இன்ஜெக்டர். யோசிக்காமல் சொல்வேன்.

பாய்லருக்குள் 15 பார் அழுத்தம் இருக்கிறது, வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. அதற்குள் புதுத் தண்ணீரைத் தள்ள வேண்டும். பம்பு வைக்கலாம், ஆனால் அந்தக் கால பம்புகள் எஞ்சின் ஓடினால்தான் ஓடும், ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தால் தண்ணீர் ஏறாது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஜிஃபார் 1858-ல் காப்புரிமை வாங்கிய கருவி இதைத் தீர்த்தது. அதே பாய்லரிலிருந்து கொஞ்சம் நீராவியை எடுத்து, அதைக் கொண்டே தண்ணீரை அதே பாய்லருக்குள் தள்ளுகிறது. கேட்டதும் ஏமாற்று வேலை மாதிரித்தான் தோன்றும், தன் தலைமுடியைப் பிடித்துத் தன்னையே தூக்குகிற கணக்கு அல்லவா இது?

ஆனால் நடப்பது வேறு. குறுகும் குழாயில் நீராவி பயங்கர வேகம் எடுக்கிறது, குளிர்ந்த தண்ணீரில் பட்டுச் சுருங்கித் தண்ணீராகிறது, தன் வேகத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. வேகமெடுத்த அந்தத் தண்ணீர் அடுத்து விரியும் குழாயில் வேகம் குறையக் குறைய அழுத்தம் ஏறுகிறது, பாய்லர் அழுத்தத்தையும் தாண்டிவிடுகிறது. நீராவிக்குள் ஒளிந்திருக்கும் வெப்பம்தான் செலவு, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதிலும் நகரும் பாகம் இல்லை. இந்த ஜிஃபார்தான் 1852-ல் நீராவி எஞ்சின் வைத்த வான்கப்பலில் பாரிஸிலிருந்து கிளம்பிப் பறந்தவர். தலைக்கு மேலே ஹைட்ரஜன், கீழே கரி அடுப்பு. துணிச்சல்காரர்.

கே: அந்த 'குப் குப்' சத்தம் எதனால்? டிரைவர்கள் அதை வைத்தே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்களாமே?

ப: முதலில் சொன்ன புகைப்பெட்டிக் குழாயிலிருந்து நீராவி விட்டு விட்டு வெளிவரும் சத்தம்தான். சாதாரண எஞ்சினில் இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இருபக்கமும் நீராவி வேலை செய்யும். ஆக, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு 'குப்'. மூன்று சிலிண்டர் எஞ்சின் என்றால் ஆறு. சக்கரத்தின் விட்டம் 1.7 மீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 5.3 மீட்டர், விநாடிக்கு நான்கு சத்தம் கேட்டால் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் போகிறது. நூறு கிலோமீட்டரில் விநாடிக்கு இருபதைத் தாண்டிவிடும், காது பிரித்துக் கேட்க முடியாது, ஒரே உறுமல்தான்.

நான்கும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் கேட்டால் வால்வுகள் ஒழுங்கு. ஒன்று நீண்டு ஒன்று அமுங்கினால் எங்கோ தேய்மானம், அல்லது வால்வு சரியாகப் பொருத்தப்படவில்லை. இதைக் கேட்டே கண்டுபிடிப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் பழகினால் உங்களுக்கும் வரும். ஆனால் எந்தப் பக்கத்து சிலிண்டர், முன்பக்கமா பின்பக்கமா என்றுவரை சொல்லும் டிரைவர்கள் இருந்தார்கள் பாருங்கள், அது வேறு ரகம்.

கே: நீராவி எஞ்சினின் திறன் வெறும் 6, 7 சதவீதம்தான் என்று படித்தேன். நூறு ரூபாய் கரியில் தொண்ணூற்று மூன்று ரூபாய் வீண். ஒரு பொறியாளர் இதைப் போய் ரசிக்கலாமா?

ப: நல்ல அடி! எண் சரிதான். வழக்கமான எஞ்சின்கள் 6 முதல் 8 சதவீதம், டீசல் 30-ஐத் தாண்டும்.

ஏன் இப்படி என்பதைப் பாருங்கள். ஒரு கிலோ குளிர்ந்த தண்ணீரை 15 பார் நீராவியாக்க சுமார் 2,700 கிலோஜூல் வேண்டும். அந்த நீராவி சிலிண்டரில் விரிந்து வேலை செய்துவிட்டு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வரும்போதும் அதில் பெரும்பகுதி வெப்பம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது இன்னும் நீராவியாகவே இருக்கிறது. அந்த வெப்பம் முழுக்கப் புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகிறது. மிகச் சரியாக விரிய விட்டாலும் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு மாதிரிதான். அதில் பாய்லர் இழப்பு, குழாய் இழப்பு, உராய்வு எல்லாம் போனால் மிஞ்சுவது நீங்கள் சொன்ன ஏழு. அனல்மின் நிலையத்திலும் நீராவிதான், ஆனால் அங்கே கண்டென்சரில் குளிர்வித்து வெளிக்காற்றைவிட மிகக் குறைந்த அழுத்தம் வரை விரிய விடுகிறோம். ஓடுகிற எஞ்சினில் அவ்வளவு பெரிய குளிர்விப்பானுக்கு இடம் எங்கே?

இடம் தேடியவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கரூ பாலைவனத்துக்காக 1950-களில் 25-ஆம் வகுப்பு எஞ்சின்கள் 90 வந்தன. கழிவு நீராவியைப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் மிக நீளமான டெண்டர் வண்டிக்கு அனுப்பி, பெரிய விசிறிகளால் குளிர்வித்து, மறுபடி தண்ணீராக்கி பாய்லருக்கே தந்தார்கள். ஆனால் நோக்கம் கரி மிச்சமில்லை, தண்ணீர் மிச்சம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை சாதித்தார்கள். சரி, நீராவி புகைபோக்கிக்குப் போகவில்லையே, நெருப்புக்குக் காற்றை யார் இழுப்பது? அதற்கு ஒரு விசிறி வைத்தார்கள். சூடான சாம்பல் பட்டுப் பட்டு அந்த விசிறியின் இலைகள் அரித்துக்கொண்டே போயின. கடைசியில் பெரும்பாலானவற்றைச் சாதாரண எஞ்சினாக மாற்றிவிட்டார்கள். ஒற்றைக் குழாய் செய்த வேலையை எடுத்துவிட்டால் எத்தனை உருப்படி தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

ஏழு சதவீதத்தை ரசிக்கவில்லை. அந்த ஏழை எட்டாக்க, பத்தாக்க மனிதர்கள் பட்ட பாட்டை ரசிக்கிறேன். ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஷ்மிட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாய்லரிலிருந்து வந்த நீராவியை மறுபடி ஒருமுறை சூடாக்கி 350 டிகிரி வரை கொண்டுபோகும் சூப்பர்ஹீட்டரை எஞ்சினுக்குள் பொருத்திக் காட்டினார். அதற்கு முன்பெல்லாம் நீராவி சிலிண்டர் சுவரில் பட்டதுமே ஒரு பகுதி தண்ணீராகி வீணானது. அது நின்றதும் கரிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு வரை மிச்சமானது.

கே: உலகிலேயே வேகமான நீராவி எஞ்சின் எது?

ப: 'மல்லார்ட்', இங்கிலாந்து, 3 ஜூலை 1938, மணிக்கு 203 கிலோமீட்டர். வடிவமைத்தவர் நைஜல் கிரெஸ்லி. அந்த வேகத்தில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுற்றியது. அதாவது கனமான பிஸ்டன் விநாடிக்குப் பதினேழு தடவை நின்று, திரும்பி, மறுபடி வேகமெடுத்தது. நடு பேரிங்கில் உலோகம் உருகிவிட்டது, பீட்டர்பரோ வரை மெதுவாகப் போய்ச் சேர்ந்தது, ரயிலை அங்கிருந்து வேறு எஞ்சின்தான் இழுத்துப் போனது.

அது இறக்கத்தில் எடுத்த வேகம். 1936-ல் ஜெர்மனியின் 05 002 என்ற எஞ்சின் ஏறக்குறைய சமதளத்தில் 200.4 எடுத்தது. என் ஓட்டு அதற்குத்தான்.

கே: டீசல் வந்த பிறகும் நீராவி எஞ்சினையே கட்டிக்கொண்டு அழுத பொறியாளர்கள் உண்டா? அல்லது உங்களைப் போன்றவர்கள் வேடிக்கை மட்டும்தான் பார்த்தீர்களா?

ப: நான் வேடிக்கைதான் பார்த்தேன். அழாமல், அளந்து அளந்து வேலை செய்த மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் ஆந்த்ரே ஷாப்லோன், பிரான்ஸ், 1892-ல் பிறந்தவர். ரயில்வேயில் சேர்ந்து, முன்னேற வழியில்லை என்று விட்டுவிட்டு, ஒரு டெலிபோன் கம்பெனிக்குப் போய், மனசு கேட்காமல் 1925-ல் பாரிஸ்–ஓர்லியான் ரயில்வேக்குத் திரும்பியவர். அந்தக் கம்பெனியில் 3566 என்று ஒரு சுமாரான எஞ்சின் இருந்தது. 1929-ல் அதைத் திருத்திக் கட்டினார். பாய்லரைப் பெரிதாக்கவில்லை, சக்கரத்தைத் தொடவில்லை. நீராவி போகும் பாதைகளை எல்லாம் அகலமாக்கினார், வளைவுகளை வழவழப்பாக்கினார், சூட்டை ஏற்றினார், ஃபின்லாந்துப் பொறியாளர் கிலாலாவின் யோசனையை வளர்த்து ஒரு புதுப் புகைக்குழாய் அமைப்பு செய்தார். 2,000 குதிரைத் திறனையே எட்டிப் பிடிக்கத் திணறிய எஞ்சின் 3,000 தந்தது! அதுவரை எல்லோரும் சிலிண்டரையும் பாய்லரையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், இரண்டுக்கும் நடுவே நீராவி எங்கே திக்கித் திணறுகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் இவர். மேலே மல்லார்டைப் பற்றிச் சொன்னேனே, அதன் புகைபோக்கிக்கு அடியில் இருந்ததும் இவருடைய அமைப்புதான்.

1946-ல் இவர் முடித்த 242ஏ1 ஒரே ஒரு எஞ்சின்தான். இழுவையில் தொடர்ந்து 4,000 குதிரைத் திறன் தந்தது. அதன் சோதனை முடிவுகளைப் பார்த்துத்தான், அப்போது வரைபடத்தில் இருந்த புது மின்சார எஞ்சின்களின் திறனைக் கூட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1960-ல் அதைப் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். ஒரு மியூசியத்துக்காவது விட்டிருக்கலாம், எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாமவர் அர்ஜென்டினாவின் லிவியோ தாந்தே போர்ட்டா, 1922-ல் பிறந்து 2003 வரை வாழ்ந்தவர். இருபத்தாறு, இருபத்தேழு வயதில், உலகமே டீசலுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பழைய மீட்டர் கேஜ் எஞ்சினை ஷாப்லோன் வழியில் புதிதாகக் கட்டினார். அதன் திறன் 12 சதவீதத்தை ஒட்டி வந்தது. அப்புறம் அவர் கை வைத்தது நெருப்பில். கடுமையாக வேலை செய்யும் எஞ்சினில் காற்றின் இழுப்புக்கு முழுசாக எரியாத கரித் துணுக்குகள் புகைபோக்கி வழியே பறந்துவிடும், அதுதான் பாய்லரின் பெரிய நஷ்டம். போர்ட்டா கரியைத் தடிமனாகப் பரப்பி, அடியிலிருந்து போகும் காற்றைக் குறைத்து, கூடவே கொஞ்சம் நீராவியையும் அடியில் விட்டார். அதனால் கரி அங்கே முழுசாக எரியாமல் வாயுவாக மாறும். நெருப்புக்கு மேலே பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக வரும் காற்றில் அந்த வாயு எரியும். துணுக்கு பறப்பது குறைந்தது, சாம்பல் உருகித் தட்டில் கட்டிதட்டுவதும் குறைந்தது, கறுப்புப் புகையும் குறைந்தது. பட்டகோனியாவின் தென்கோடியில், காற்று ஆளையே தள்ளிவிடும் இடத்தில், ரியோ துர்பியோ நிலக்கரிச் சுரங்கத்து ரயிலில் இதைச் செய்தார். 750 மில்லிமீட்டர் அகலப் பாதை, ஜப்பானில் மிட்சுபிஷி செய்த சின்ன எஞ்சின்கள். அவை 1,700 டன் ரயிலை இழுத்தன. பொம்மை ரயில் அகலத்தில்!

மூன்றாமவர் ஆங்கிலேயரான டேவிட் வார்டேல். 1970-களில் தென்னாப்பிரிக்க ரயில்வேயில் சேர்ந்து, போர்ட்டாவோடு தொடர்பு வைத்துக்கொண்டு, முதலில் ஒரு சிறிய எஞ்சினில் சோதித்துவிட்டு, 1981-ல் 3450 என்ற பெரிய எஞ்சினை கேப் டவுனின் சால்ட் ரிவர் பணிமனையில் மாற்றிக் கட்டினார். சிவப்பு வண்ணம் அடித்ததால் 'ரெட் டெவில்' என்று பெயர் வந்தது. கரிச் செலவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது, தண்ணீர்ச் செலவும் அதே போலக் குறைந்தது, குதிரைத் திறனோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே நிர்வாகம் நீராவியைக் கைவிடும் முடிவோடுதான் இருந்தது, அந்த முடிவை இந்த எண்கள் மாற்றவில்லை. பின்னர் அமெரிக்காவில் ஏசிஇ 3000 என்ற நவீன கரி எஞ்சின் திட்டத்தில் வேலை செய்தார், அது காகிதத்தோடு நின்றது. சீனாவுக்குப் போனார், அங்கே 1988 வரை தாத்தோங் ஆலையில் பெரிய நீராவி எஞ்சின்களைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கும் கதவு சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

இவர்களைப் 'பாவம், காலம் தெரியாதவர்கள்' என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூவரும் ஒரு விஷயத்தைத் திருத்தினார்கள், அளந்தார்கள், அளந்ததை எழுதிவைத்தார்கள். ஒரு பொறியாளனிடம் இதற்கு மேல் என்ன கேட்பீர்கள்?

கே: ஆசை எல்லை மீறிப் போன கதையும் இருக்குமே?

ப: பொறியாளர் ஆலிவர் புல்லைடின் 'லீடர்' என்ற நீராவி எஞ்சின். 1949-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது, டீசல் மாதிரியே இருபக்கமும் டிரைவர் அறை. கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் நடுவில், பாய்லருக்குப் பக்கத்தில், நெருப்புக்கு எதிரே அடைபட்டு வேலை செய்ய வேண்டும், அங்கே வெப்பம் சுமார் 50 டிகிரி. அவர் நடமாட வழி வேண்டும் என்று பாய்லரை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள், எஞ்சின் சாய்ந்தது, சமன் செய்ய மறுபக்கம் பழைய இரும்பை அள்ளிப் போட்டார்கள். 1951-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். புல்லைட் மகா கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே எஞ்சினில் ஒன்பது புதுமைகளை ஒன்றாக வைத்தால் எது கெட்டது, எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

கே: பாய்லர் வெடிப்பதைப் பற்றிச் சொல்லுங்கள். சுற்றுலா ரயிலில் நீராவி எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ப: பயம் கொஞ்சம் இருப்பது நல்லது, எஞ்சினில் வேலை செய்பவருக்கு இன்னும் நல்லது.

பாய்லரில் ஆபத்து நீராவியைவிடத் தண்ணீரில்தான். 200 டிகிரியில் தண்ணீர் திரவமாகவே இருப்பது அழுத்தம் அதைப் பிடித்து வைத்திருப்பதால். எங்காவது பெரிதாகக் கிழிந்து அழுத்தம் விழுந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகும், வெளிக்காற்றில் அது சுமார் 1,600 மடங்கு இடத்தைக் கேட்கும். டன் கணக்கில் தண்ணீர் இருக்கிறது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கிழிவது நெருப்புப் பெட்டியின் மேல்தகடு. அதன் அடியில் நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் மூடியிருக்கும்வரை தகட்டின் சூடு கட்டுக்குள் இருக்கும். மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் சில நிமிடங்களில் செவசெவ என்று காய்ந்து, வலுவிழந்து, பிடித்திருக்கும் போல்ட்டுகளிலிருந்து பிய்த்துக்கொண்டு கீழே இறங்கும். அதனால்தான் அந்தத் தகட்டில் உருகும் அடைப்பான் வைத்திருப்பார்கள், உள்ளே ஈயம். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பீறிட்டு, ஓட்டுபவர்களை எச்சரிக்கும்.

1995 ஜூனில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலில், 1278 என்ற எஞ்சினில் இந்தத் தகடுதான் போனது. எஞ்சினில் இருந்த மூவருக்குத் தீக்காயம், யாரும் சாகவில்லை. விசாரணையில் தெரிந்தது என்ன தெரியுமா? தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்குப் போகும் வழிகளில் உப்புப் படிவு அடைத்திருந்தது. அதாவது கண்ணாடி பொய் சொன்னது. ஆனாலும் பாய்லர் மொத்தமாகப் பறந்து போகாததற்குக் காரணம், 1948-ல் அதைக் கட்டியவர்கள் சில வரிசைகளில் வலுவான தலை வைத்த போல்ட்டுகளைப் போட்டிருந்தது. தகடு ஒரேயடியாகப் பிய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்தது. அரை நூற்றாண்டு முன்னால் வரைபட மேசையில் யாரோ யோசித்தது மூன்று உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த விபத்துக்குப் பின் அமெரிக்காவில் நீராவி எஞ்சின் விதிகளையே மாற்றி எழுதினார்கள்.

ஆகவே பக்கத்தில் போய் நில்லுங்கள். இரண்டு மட்டக் கண்ணாடிகளையும் ஃபயர்மேன் அவ்வப்போது திறந்துவிட்டு ஊதிச் சுத்தம் செய்கிறாரா என்று பாருங்கள். செய்தால் அவரை நம்பலாம்.

கே: இவ்வளவு புத்திசாலிகள் திருத்தியும் நீராவி தோற்றது ஏன்? டீசல் கம்பெனிகளின் சதி என்கிறாரே என் நண்பர்?

ப: நண்பருக்கு என் வணக்கம், ஆனால் சதி தேவையே இல்லை. எஞ்சின் ஷெட்டில் விடியற்காலையில் போய் நின்றால் போதும். குளிர்ந்த பாய்லரை அவசரப்பட்டுச் சூடாக்கினால் தகடுகள் சமமில்லாமல் விரிந்து மூட்டுகள் கசியும், ஆகவே நெருப்பு மூட்டிப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் சாம்பல் அள்ள வேண்டும், புகைப்பெட்டியைக் காலி செய்ய வேண்டும், குழாய்களைத் துலக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பாய்லரைக் குளிரவைத்துக் கழுவ வேண்டும். வழியெல்லாம் தண்ணீர், கரி. இரண்டு எஞ்சின் சேர்த்தால் இரண்டு ஜோடி ஆட்கள்; டீசலில் நான்கைச் சேர்த்தாலும் ஒரே டிரைவர் ஓட்டலாம். இந்த வேலைகளில் பாதியும் அழுக்கு வேலை, முதுகை உடைக்கிற வேலை, வேறு வேலை கிடைத்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் ரசிக்கிறேன், அவர்கள் அள்ளினார்கள்.

போர்ட்டா இந்த வேலைகளையும் குறைக்க முடியும் என்று காட்டினார், குறிப்பாகப் பாய்லர் தண்ணீரைப் பக்குவப்படுத்துவதில். காலம் கடந்துவிட்டது. ஆனால் மாற்றம் நடந்த விதத்தில் முட்டாள்தனம் உண்டு. பிரிட்டன் 1960-ல் புத்தம் புது 'ஈவினிங் ஸ்டார்' நீராவி எஞ்சினை வெளியே விட்டது, 1968 ஆகஸ்டில் பிரதான பாதைகளில் நீராவியையே முடித்தது. அந்த ரகத்தில் 251 எஞ்சின்கள், மூத்ததற்கே பதினான்கு வயதுதான். பாய்லர் நாற்பது வருஷம் உழைக்கும் சாமான்.

கே: மறுபடி வருமா?

ப: பிரதான பாதையில் வராது. மலையில் வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோட்டோர்ன் பல்சக்கரப் பாதைக்கு 1992-லும் 1996-லும் புது நீராவி எஞ்சின்களே செய்தார்கள். எண்ணெய் எரியும், ஒரே ஆள் ஓட்டலாம், பாய்லரை நன்றாகப் போர்த்தியிருப்பதால் ராத்திரி முழுக்கச் சூடு இறங்காது. சுற்றுலாப் பயணிகளுக்காகத்தான், இருந்தாலும் வேலை செய்கிறது. 2008-ல் இங்கிலாந்தில் 'டொர்னாடோ' என்ற நீராவி எஞ்சினைப் புதிதாகவே கட்டினார்கள், அந்த ரகத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் உடைத்துப் போட்டிருந்ததால்! பாய்லர் ஜெர்மனியின் மைனிங்கனில் செய்தது, 2017-ல் சோதனையில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொட்டது. அமெரிக்காவில் 2019-ல் 'பிக் பாய்' 4014 என்ற பழைய ராட்சத எஞ்சின் மறுபடி ஓடியது, கரிக்குப் பதில் எண்ணெய்.

கே: என் கணவரும் பொறியாளர், ஓய்வு பெற்றவர். எந்நேரமும் எஞ்சின் பேச்சு. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

ப: அம்மா, ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, பேசுவதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பாய்லர் போல்ட் மாற்றுவது, பேரிங்கில் வெள்ளை உலோகம் ஊற்றிச் சுரண்டிப் பொருத்துவது, ஈரக் கரியை எப்படிப் பரப்புவது என்பதெல்லாம் புத்தகத்தில் அரைகுறையாகத்தான் இருக்கிறது, கைப்பழக்கம் உள்ளவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். பாதுகாக்கப்பட்ட எஞ்சின்களை ஓட்டும் குழுக்கள் இதற்குத்தான் அலைகின்றன. உங்களுக்கும் கொஞ்சம் அமைதி கிடைக்கும்.

கே: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நிஜமாகவே நீராவியில் ஓடும் மாடல் எஞ்சின் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

ப: தாராளமாக. பாய்லர் செம்பாக இருக்கட்டும், மூட்டுகள் வெள்ளிப் பற்று வைத்தவையாக இருக்கட்டும், சேஃப்டி வால்வு இல்லாததைத் தொடவே வேண்டாம். இருக்கும் வால்வின் ஸ்பிரிங்கைத் திருகி இறுக்கவும் விடாதீர்கள், பையன்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

பழைய மாடல் என்றால் பாய்லரைச் சோதித்துவிட்டுத்தான் நெருப்பு மூட்ட வேண்டும். தெரிந்தவரிடம் கொடுத்தால் உள்ளே காற்றே இல்லாமல் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு வரை பம்பு அடித்துப் பார்ப்பார். காற்றால் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் எஞ்சினைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தண்ணீர் அமுங்காது, ஆகவே அதில் சேரும் ஆற்றல் மிகக் குறைவு, மூட்டு விட்டால் சொட்டும், அவ்வளவுதான். அமுக்கிய காற்று அப்படியில்லை, சிதறடிக்கும்.

தண்ணீர் தீர்வதற்குள் நெருப்பை அணைக்க வேண்டும் என்பதை அவனுக்கே சொல்லிக்கொடுங்கள், ஏன் என்பதற்கு மேலே கெட்டிஸ்பர்க் கதை இருக்கிறது. முதல் சில தடவை நீங்களும் கூடவே உட்காருங்கள். ஸ்பிரிட் விளக்கு வைத்த மாடலாக இருந்தால் வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் ஊற்றப் போவான். நிழலில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள்.